மதுரையில ராக் பேண்ட் ஆரம்பிக்கணுமா? ரிகர்சல் ரூம்ல இருந்து மேடை வரை ஒரு முழு கைடு!

மதுரைன்னதும் என்னென்ன சத்தம் ஞாபகம் வருது? கோயில் நாகசுரம், வாடிப்பட்டி மேளம், காதுகுத்து வீட்டு ரேடியோ செட், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தோட கோவிந்தா கோஷம்... இந்த லிஸ்ட்ல டிஸ்டார்ஷன் போட்ட எலெக்ட்ரிக் கிட்டார் சத்தம் வர்றது ரொம்பக் கஷ்டம்தான். ஆனா, எந்த காலேஜ் ஹாஸ்டலுக்குள்ள போனாலும் ஒரு ரூம்ல கிட்டார் மாட்டியிருக்கும். எந்த சர்ச் கொயருக்குப் போனாலும் பின்னால ஒரு பையன் டிரம்ஸ் முன்னாடி உட்கார்ந்திருப்பான். அவங்க நாலு பேரும் ஒரே ரூமுக்கு வந்து சேர்றதுதான் நடக்க மாட்டேங்குது.

அப்படிச் சேர ஆசைப்படுற ஆளா நீங்க? அல்லது வாசிக்கத் தெரியாது, ஆனா ஊர்ல நல்ல லைவ் மியூசிக் கேட்கணும்னு ஏங்குற ரசிகரா? ரெண்டு பேருக்கும் தேவையானது இந்தக் கட்டுரையில இருக்கு. மேட்டருக்குள்ள போவோம்.

இது நம்ம ஊருக்குப் புதுசா என்ன?

'ராக் பேண்டெல்லாம் சென்னை, பெங்களூர் பசங்க சமாச்சாரம்'னு யாராவது சொன்னா, அவங்களுக்கு ஒரு கதை சொல்லுங்க. பண்ணைப்புரம் இன்றைக்குத் தேனி மாவட்டம். 1996-ல் தேனி தனியாகப் பிரிக்கப்படும் வரை அது மதுரை மாவட்டம். அந்த ஊரில் பாவலர் வரதராசன் ஒரு இசைக்குழு வைத்திருந்தார். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற குழு அது. 1958-ல் கேரளாவின் தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்தின்போது அந்தக் குழுவோடு சேர்ந்தார் ஒரு தம்பி. அவர்தான் ராசய்யா, பின்னாளில் இளையராஜா.

அதற்கப்புறம் அண்ணன் தம்பிகள் ஊர் ஊராகச் சுற்றி வாசித்தார்கள். இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். கணக்குப் போட்டுப் பாருங்க, நடுவில் 18 வருஷம்! அதில் முதல் பத்து வருஷம் போல கிராமத்து மேடைகளில் கழிந்தது. மைக் மக்கர் பண்ணும், ஜனம் எழுந்து போகும், மழை வரும். எல்லாவற்றுக்கும் நடுவில் வாசித்துக் கற்றுக்கொண்ட காலம் அது. எலெக்ட்ரிக் கிட்டார் இல்லைன்னாலும், 'லோக்கல் பேண்ட்' என்கிற வார்த்தைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, அசல் ராக்? 1970, 71-களில் ஒரு சிகரெட் பிராண்ட் நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் நாடு முழுக்க இருந்து பேண்டுகள் கலந்துக்கிட்டன. அவற்றின் பாட்டுகள் இசைத்தட்டாகவும் வந்தன. அதில் மெட்ராஸ் குழுவான 'கன்ஃபியூஷன்ஸ்' உண்டு. 1992-ல் 'ரோஜா' வருவதற்கு முன்னால் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். 2008-ல் கேரளாவின் 'அவியல்' மலையாளத்திலேயே ராக் ஆல்பம் போட்டது. கர்னாடக சங்கீதத்தையும் ராக்கையும் கலந்த பெங்களூரின் 'அகம்' குழுவைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது சன் டிவியின் 'ஊ லா லா லா' நிகழ்ச்சி.

2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 19 பேர் கொண்ட குழு. பறை, கானா, ராப், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். 'சாதியற்ற' என்கிற அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. அந்த மேடைக்குப் பின்னால் இருந்த பா.இரஞ்சித்தின் நீலம் அமைப்பு, 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியை 2021-ல் சென்னைக்கு முன்னதாக மதுரையில் தொடங்கியது. ஆக, நம்ம ஊர் ஜனத்துக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

ஆளுங்களை எங்கே பிடிக்கிறது?

ஒரு ராக் பேண்டுக்கு மினிமம் நாலு வேலை: டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல். கீபோர்டு இருந்தால் போனஸ். இதில் கிட்டாருக்கும் குரலுக்கும் ஆள் தேட வேண்டாம், க்யூ கட்டி நிற்பாங்க. திண்டாட்டம் பேஸ், டிரம்ஸ் ரெண்டுக்கும்தான்.

டிரம்ஸ் ஆள் வேணும்னா முதலில் சர்ச் பக்கம் விசாரிங்க. வாராவாரம் தவறாம கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கிற பழக்கம் உள்ள இளைஞர்கள் அங்கேதான் அதிகம். அடுத்தது மெல்லிசைக் கச்சேரி ஆட்கள். ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேடு வாசிக்கிற ஒரு அண்ணன் எந்த டெம்போவையும் கண்ணை மூடிக்கிட்டு பிடிப்பார். பசுமலை பக்கம் அரசு இசைக் கல்லூரி இருக்கு. நாகசுரமோ தவிலோ வயலினோ கற்றுக்கொள்கிற ஒருவர் உங்க பேண்டுக்கு வந்தால், சவுண்டே மாறிடும்.

நையாண்டி மேளத்தை அடுத்த முறை நின்னு கவனிங்க. மெலடிக்கு நாகசுரம், அடிக்குத் தவில், மேலே சுண்டிச் சுண்டி விழும் சத்தத்துக்குப் பம்பையும் தமுக்கும். யார் எப்போ வாசிக்கணும், யார் எப்போ ஒதுங்கணும்னு கண்ணாலேயே பேசிக்குவாங்க. ஆம்ப்ளிஃபயர் இல்லாமலேயே ஊரையே எழுப்புற பேண்ட் அது! அந்த 'ஒதுங்குறது' இருக்கே, புது ராக் பேண்டுகள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமே அதுதான். நாலு பேரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் வாசித்தால் கேட்கிறவருக்குப் பாட்டு போய்ச் சேராது, இரைச்சல்தான் போய்ச் சேரும்.

பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடைக்கலையா? ரெண்டு கிட்டாரிஸ்ட்ல ஒருத்தரை மாற்றுங்க. பலருக்கு இதில் ஈகோ வரும். அப்போ ஒரு விஷயம் சொல்லுங்க: பேஸின் தடித்த கம்பி அதிரும் வேகம் விநாடிக்கு சுமார் 41 முறை. கிட்டாரின் தடித்த கம்பி 82. போன் ஸ்பீக்கரில் அந்த 41 சுத்தமாகக் கேட்காது. அதனால்தான் போனிலேயே பாட்டு கேட்டு வளர்ந்தவங்களுக்கு பேஸ்னா என்னன்னே தெரியாமப் போயிடுது. நல்ல ஹெட்போன் மாட்டி இளையராஜா பாட்டு ஒன்றை, பேஸை மட்டும் குறிவைத்துக் கேளுங்க. மறுபடி ஈகோ வராது.

பேண்ட் ஏன் உடையுது?

சினிமாவில் காட்டுற மாதிரி காதல் சண்டையாலோ, 'நான்தான் லீடர்' பிரச்னையாலோ மட்டும் பேண்ட் உடையறதில்லை. மதுரை மாதிரி ஊரில் பெரிய வில்லன் ஃபைனல் இயர்தான். கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சதும் டிரம்மர் பெங்களூர், பாடகி சென்னை, பேஸ் கோயம்புத்தூர். மிச்சம் இருக்கிறது ஒரு கிட்டாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும்.

இதைத் தடுக்க முடியாது, ஆனா தயாரா இருக்கலாம்.

* குழுவில் ரெண்டு பேராவது ஊரிலேயே தங்கப் போகிறவர்களாக இருக்கட்டும். கடை வைத்திருப்பவர், இங்கேயே வேலை பார்ப்பவர், அப்பாவோடு தொழிலில் இருப்பவர்.
* ஒவ்வொரு பாட்டுக்கும் கார்டு, டெம்போ, எத்தனை சுற்று என்பதை எழுதி, ரிகர்சல் ஆடியோவோடு ஒரே ஃபோல்டரில் போடுங்க. புதுசா வருகிறவர் ரெண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளணும்.
* வெளியூர் போனவரை 'துரோகி' ஆக்காதீங்க. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் எல்லாரும் ஊருக்கு வரத்தான் போறாங்க. அந்த ரெண்டு சீசனில் முழு பேண்டாகவும், மற்ற நாளில் சின்ன பேண்டாகவும் வாசிக்கலாம்.

ரிகர்சல் எங்கே?

வீட்டு மொட்டைமாடி ஐடியாவை இப்பவே விட்டுடுங்க. ஒலி மாசு விதிகள் 2000 படி, குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல். மூடாத ரூமில் ஒரு டிரம் செட் மட்டும் வாசித்தாலே பகல் வரம்பைத் தாண்டிப் பல மடங்கு போயிடும். பக்கத்து வீட்டுத் தாத்தா போலீஸுக்கு போன் பண்ணினால் சட்டம் அவர் பக்கம்தான் இருக்கும்.

என்ன வழி? நகரத்தை ஒட்டிய குடோன், ஓடாமல் கிடக்கிற பட்டறை, முகூர்த்தம் இல்லாத நாளில் சின்ன கல்யாண மண்டபம், தோட்டத்து மோட்டார் ரூம்... இவற்றில் ஒன்றை மணிக்கணக்கில் பேசி முடிங்க. தகரக் கூரையா இருந்தால் மே மாசத்தில் அவிஞ்சிடுவீங்க, காலை ரிகர்சலுக்கு மாறிக்கோங்க. முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரூமுக்குள்ள எதிரொலி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். சத்தம் வெளியே போகாமல் இருக்கக் கனமான சுவரும், இடுக்கு இல்லாத கதவும் வேணும்.

வாரத்தில் ஒரு நாளாவது ஆம்ப் இல்லாமல் ரிகர்சல் பண்ணுங்க. அக்கூஸ்டிக் கிட்டார், கையால் மேஜைத் தட்டு, வெறும் குரல். அப்பவும் பாட்டு நிற்குதுன்னா அது நல்ல பாட்டு. சத்தத்தை எடுத்தால் பாட்டே காணோம்னா, இன்னும் வேலை பாக்கி இருக்கு.

கருவியும் கரன்ட்டும்

முதல் நாளே லட்சக்கணக்கில் செலவு பண்ண வேண்டாம். சொந்தமாக இருக்க வேண்டியது உங்கள் கருவி, ஒரு டியூனர், கூடுதல் ஜாக் ஒயர், கூடுதல் கம்பி செட், டிரம்மருக்குக் கூடுதல் குச்சி. ஸ்பீக்கர், மிக்ஸர், மானிட்டர் எல்லாம் மேடையில் சவுண்ட் சர்வீஸ்காரர் தருவார். செகண்ட் ஹேண்டில் வாங்கினால், கிட்டாரின் கழுத்து வளைஞ்சிருக்கா என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்க. மதுரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டுட்டுப் போகாதீங்க. ஒட்டுப் பசை இளகி, கட்டை விலகும்.

அடுத்து சொல்லப்போறதை ரெண்டு தடவை படிங்க. மேடையில் எர்த் இருக்கான்னு பார்க்காமல் கிட்டாரை மாட்டாதீங்க. 1972-ல் பிரிட்டனின் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, ஸ்வான்சி நகர மேடையில் எல்லார் கண் முன்னாலும் மின்சாரம் தாக்கி இறந்தார். சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி உங்கள் கையில், மைக் உங்கள் உதட்டில். ரெண்டில் ஒன்றில் கசிவு இருந்தாலும் கரன்ட் பாய்கிற பாதை உங்கள் நெஞ்சுதான்.

நம்ம ஊர்த் திறந்தவெளி மேடைகளில் ஜெனரேட்டர், ஈரத் தரை, மூணாவது பின் உடைந்த பிளக் எல்லாம் சகஜம். அதனால் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கோங்க:

* மேடை ஏறினதும் சவுண்ட் அண்ணனிடம் 'எர்த் செக் பண்ணியாச்சா?'ன்னு கேளுங்க. இருபது ரூபாய் டெஸ்டர் ஒன்றும் பையில் இருக்கட்டும். மைக்கின் உலோகத்தில் வைத்து எரிந்தால் தொடாதீங்க. ஆனா டெஸ்டர் எரியலைங்கிறதை மட்டும் நம்பி முழு தைரியம் கொள்ளவும் வேண்டாம், எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.
* கிட்டார் ஆம்பும் மைக் மிக்ஸரும் ஒரே லைனில் இருந்து கரன்ட் எடுக்கட்டும்.
* கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் டிரிப்பர் இருக்கான்னு பாருங்க. 30 மில்லி ஆம்பியர் அளவில் விழுகிற வகை உயிரைக் காப்பாற்றும்.
* மழைத் தூறல் விழுந்தால் வாசிப்பை நிறுத்துங்க. ரசிகர்கள் கத்துவாங்க, கத்தட்டும்.

தமிழில் ராக் பாட்டு எழுதுறது எப்படி?

கவர் பாட்டு வாசிக்கிறதில் தப்பே இல்லை. மேடைப் பழக்கத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனா, நாலு வருஷம் கழிச்சு உங்க பேண்ட் ஞாபகம் இருக்கணும்னா, ஒரு சொந்தப் பாட்டாவது வேணும்.

இங்கிலீஷ் ராக் மெட்டில் அப்படியே தமிழ் வார்த்தையைப் போட்டால் பலசமயம் இடிக்கும். காரணம் உண்டு. இங்கிலீஷில் எந்த அசையை அழுத்திச் சொல்றோம்கிறது முக்கியம். தமிழில் எந்த எழுத்து குறில், எது நெடில் என்பது முக்கியம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு. 'படு' என்பதில் முதல் எழுத்தை இழுத்தால் 'பாடு' ஆகிடும். 'கல்' இழுபட்டால் 'கால்'. மெட்டு நீளமாக நிற்கிற இடத்தில் நெடில் வருகிற சொல்லை வைங்க. வேகமாக ஓடுகிற இடத்தில் குறில் சொற்களை அடுக்குங்க. வல்லினம் டிரம்ஸ் மாதிரி இடிக்கும். க், ச், ட், த், ப், ற் எல்லாம் ராக் பாட்டுக்கு வரம். நம்ம ஊர்த் தெருச்சண்டையில் வார்த்தை எப்படி விழுதுன்னு கேட்டிருக்கீங்கதானே? அந்தத் தாளம் சொல்லித் தரும்.

எதைப் பற்றி எழுதுறது? தண்ணி ஓடாத வைகை, மாட்டுத்தாவணியில் கடைசி பஸ், கடன் கட்டுற அப்பா, ஊரை விட்டுப் போகச் சொல்லுற வேலை. லண்டன் மழையைப் பற்றி எழுத அங்கே ஆள் இருக்கு. அலங்காநல்லூர்ப் புழுதியைப் பற்றி எழுத நீங்கதான் இருக்கீங்க. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த சின்னப்பொண்ணு 2011-ல் 'கோக் ஸ்டூடியோ' மேடையில் கைலாஷ் கேரோடு பாடினார். அந்த மேடைக்காக அவர் தன் குரலையோ உச்சரிப்பையோ மாற்றிக்கொள்ளவில்லை. மேடைதான் அவருக்கு ஏற்ற மாதிரி மாறியது.

மேடை எங்கே கிடைக்கும்?

வாராவாரம் பேண்டுகளுக்கு இடம் தருகிற பப் கலாசாரம் மதுரையில் வேர்விடவில்லை. அது ஒரு குறைதான். ஆனா மதுரையில் இருக்கிற அளவுக்கு மேடைகள் பல ஊர்களில் கிடையாது.

* காலேஜ் கல்ச்சுரல்ஸ்: அமெரிக்கன் கல்லூரி 1881-லும், மதுரைக் கல்லூரி 1889-லும், லேடி டோக் 1948-லும் தொடங்கியவை. தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957. கல்லூரி விழா சீசனில் போட்டிக்குப் பேர் கொடுங்க. பரிசு கிடைக்கலைன்னாலும், உங்க வயசு ஆளுங்க நூறு பேர் கேட்பாங்க.
* சித்திரைப் பொருட்காட்சி: தமுக்கத்தில் நடக்கும்போது மாலையில் கலைநிகழ்ச்சிகள் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்துப் பாருங்க.
* ஊர்த் திருவிழா, கல்யாண ரிசப்ஷன்: பணம் இங்கேதான். சினிமாப் பாட்டு கேட்பாங்க. பத்துப் பாட்டுக்கு நடுவில் உங்க பாட்டு ஒன்றைச் சத்தமில்லாமல் செருகுங்க. பேர் சொல்லாதீங்க. பாட்டிகள் தலையாட்டினால் பாஸ்!
* கஃபே, புத்தகக் கடை, சின்ன அரங்கம்: முப்பது பேர் உட்காரும் இடம் போதும். டிரம்ஸ் வேண்டாம், கஹோன் போதும்.

கேட்கிற நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் குறைவாகவே வாசித்து முடிங்க. 45 நிமிஷம் கொடுத்தால் 40. உங்களுக்குப் பின்னால் வாசிக்கிற பேண்டும், சவுண்ட் அண்ணனும் மறக்க மாட்டாங்க.

பணமும் சட்டமும்

நண்பர்களுக்குள்ள பணம் பேசக் கூச்சமா இருக்கும். ஆனா பேசாமல் விட்ட பணம்தான் பின்னாடி நட்பையே முறிக்கும். ஒப்புக்கொள்ளும்போதே பாதி அட்வான்ஸ், வண்டி வாடகை யார் பொறுப்பு, சாப்பாடு உண்டா, சவுண்ட் யார் ஏற்பாடு, நிகழ்ச்சி நின்னுபோனால் என்ன? எல்லாத்தையும் ஒரே வாட்ஸ்அப் மெசேஜில் எழுதி, 'சரி' என்கிற பதிலை வாங்குங்க. வருமானத்தில் ஆளுக்கு ஒரு பங்கு, பேண்டுக்கும் ஒரு பங்கு. அஞ்சு பேர்னா ஆறு பங்கு. அந்த ஆறாவது பங்குதான் அடுத்த ரெக்கார்டிங் செலவு.

மைக் செட்டுக்கு எழுத்து மூலம் அனுமதி வேணும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், இரவு 12 வரை தளர்த்தலாம். அனுமதிக் கடிதம் விழாக் கமிட்டியிடம் இருக்கான்னு ஒரு போட்டோ வாங்கி வெச்சுக்கோங்க. போலீஸ் வந்தால் முதலில் கேட்பது மேடையில் நிற்கிற உங்களைத்தான்.

மற்றவர் பாட்டை டிக்கெட் போட்டு மேடையில் வாசித்தால், ஐ.பி.ஆர்.எஸ் போன்ற உரிமைச் சங்கங்களிடம் உரிமம் வாங்கணும். வழக்கமாக அது நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பு. அதையும் அந்த மெசேஜில் எழுதிடுங்க. மதச் சடங்குக்கும், கல்யாணத்தோடு சேர்ந்த விசேஷங்களுக்கும் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது.

உங்க சொந்தப் பாட்டுக்கு வருவோம். ஒரு பாட்டில் மூணு சொத்து இருக்கு: வரி ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு செய்த ஒலி ஒன்று. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் வாழ்நாளும் அதற்கப்புறம் 60 வருஷமும் உரிமை. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 வருஷம். அதனால் 'யார் எழுதினது, யார் மெட்டு போட்டது, ரெக்கார்டிங்குக்கு யார் காசு போட்டது'ன்னு பாட்டு வெளியாகும் முன்னாடியே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க. பாட்டு ஹிட் ஆன பிறகு எழுதலாம்னு நினைச்சா, அந்தத் தாளை வக்கீல்தான் எழுதுவார்.

பொண்ணுங்க மேடையேறணும்னா...

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது அதில் இருந்த ஒரே பெண் பாடகர் இசைவாணி. கானா பாடுவது ஆண்கள் வேலை என்றிருந்த இடத்தில் நின்று பாடினார். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. திறமையான பாடகிகளும் டிரம்மர்களும் மதுரையில் இருக்காங்க. அவங்களைத் தடுப்பது பெரும்பாலும் இசை இல்லை, ராத்திரி 11 மணிக்கு வீடு திரும்புவது எப்படி என்கிற கேள்விதான்.

பதில் பேண்டுக்குள்ள இருக்கணும். உடை மாற்ற பூட்டு உள்ள ரூம் இருக்கா? கழிப்பறை இருக்கா? வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வண்டி யாருடையது? இதை அவங்க கேட்கும் முன்னாடி நீங்க கேளுங்க. முதல் ரிகர்சலுக்கு அம்மா அப்பாவையும் வரச் சொல்லுங்க. என்ன நடக்குதுன்னு பார்த்தால் பாதி பயம் போயிடும். கூட்டத்தில் இருந்து யாராவது அசிங்கமாகக் கத்தினால் பாட்டை நிறுத்தி, விளக்கைப் போடச் சொல்லுங்க. அதைப் பார்த்து முன்வரிசையில் இருக்கிற நாலு பொண்ணுங்க அடுத்த வருஷம் மேடைக்கு வரலாம்.

காது ஒன்றுதான் மூலதனம்

85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு. அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். கச்சேரி அரங்குகளில் 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது.

ரிகர்சல் முடிஞ்சு வீட்டுக்கு வந்தும் காதில் 'கொய்ங்'னு கேட்குதா? அது காது தருகிற எச்சரிக்கை. உள்காதின் நுண்முடி செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. போனில் ஒரு இலவச டெசிபல் ஆப் போட்டுக்கோங்க, துல்லியம் இல்லைன்னாலும் தோராயம் தெரியும். டிரம்மரின் சிம்பலுக்கு நேர் பக்கம் நிற்காதீங்க. இயர் பிளக் மாட்டுங்க. பஞ்சு போதாது. ஊருக்கே ஸ்டைல் காட்டுற வயசில் இது கெத்தா இல்லாமல் இருக்கலாம். அம்பது வயசில் பேரன் பேசுவது கேட்கணும் இல்லையா?

வாசிக்கத் தெரியாதவங்களுக்கு

லைவ் மியூசிக்கை உயிரோடு வைத்திருப்பது ரசிகர்கள்தான். உங்களுக்கும் வேலை இருக்கு:

* நண்பன் பேண்டா இருந்தாலும் டிக்கெட் காசு கொடுங்க. நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு 'பாஸ் இருக்கா'ன்னு கேட்காதீங்க.
* முழுப் பாட்டையும் போனில் எடுக்காதீங்க. ஒரு நிமிஷம் எடுங்க, பேண்ட் பேரை டேக் பண்ணுங்க, போனைப் பையில் வைங்க.
* சொந்தப் பாட்டு வாசிக்கும்போது 'விஜய் பாட்டு, அஜித் பாட்டு'ன்னு கத்தாதீங்க. மூணு நிமிஷம்தான், கேட்டுப் பாருங்க.
* பிடிக்கலைன்னா நேர்ல, தனியா, நிகழ்ச்சி முடிஞ்ச மறுநாள் சொல்லுங்க. கமென்ட் பாக்ஸில் இல்லை.

முதல் 90 நாள் பிளான்

முதல் மாசம்: நாலு பேர் சேருங்க, வாரத்துக்கு ரெண்டு ரிகர்சல், மூணு கவர் பாட்டு. ரெண்டாவது மாசம்: ஒரு சொந்தப் பாட்டு, ஒவ்வொரு ரிகர்சலையும் போனில் பதிவு பண்ணி மறுநாள் எல்லாரும் சேர்ந்து கேட்பது. மூணாவது மாசம்: தெரிஞ்சவங்க இருபது பேரைக் கூப்பிட்டு, அரை மணி நேரம் வாசிச்சுக் காட்டுவது. அதில் யாராவது ஒருத்தர் உங்க சொந்தப் பாட்டை 'இன்னொரு தடவை வாசிங்க'ன்னு கேட்டால் தொடருங்க. யாரும் கேட்கலைன்னாலும் தொடருங்க, ஆனா பாட்டை மட்டும் மாற்றி எழுதுங்க.

பேண்டுக்குப் பேர் வைக்கிறதை மட்டும் கடைசியில் வெச்சுக்கோங்க மக்களே. அதுக்காகச் சண்டை போட்டே முதல் ரிகர்சலுக்கு முன்னாடி உடைஞ்ச பேண்டுகள் ஏராளம்!